டிரம்ஸ் மட்டும் வாசிக்கத் தெரியாதவர்

கிளெம் ஆம்ராய்டைப் பற்றி லண்டன் பத்திரிகைகள் எழுதியதில் பாதி புருடா. மீதி அவரே அளந்துவிட்டது. 'ஒரு வாத்தியத்தில் அடங்காத மேதை' என்று எழுதினார்கள். ஆர்கனில் தொடங்கினார், சாக்ஸபோனுக்கு வந்தார், அங்கிருந்து புல்லாங்குழல், அப்புறம் வயலின், கடைசியில் வைப்ரஃபோன் என்று உலோகப் பட்டைகளை உருண்டை முனைக் குச்சியால் தட்டும் ஒரு சமாசாரம். ப்ளூஸ் ராக்கில் பேர் வாங்கியவர் ஜாஸுக்குத் தாவியபோது அதற்கு 'தேடல்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு பத்திரிகையின் வாசகர் வாக்கெடுப்பில் 'இதர வாத்தியங்கள்' பிரிவில் ஐந்து வருஷம் தொடர்ந்து அவருக்குத்தான் முதலிடம். தேடலாவது மண்ணாவது! மனிதர் பயந்து ஓடிக்கொண்டிருந்தார். அதை ஒருவரும் எழுதவில்லை, ஏனென்றால் ஒருவருக்கும் தெரியாது.

அவரைத் துரத்தியது ஒரு கிட்டார்.

முதன்முதலில் அது கேட்டது 1972இல், ஹாம்பர்க்கில் ஒரு கிளப்பில். ஆர்கனில் நீளமாக ஒரு ஸ்வரத்தைப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தார். சத்தம் அடங்குகிற அந்த இடைவெளியில், இடது பக்கம், இரண்டு கஜம் தள்ளி, யாரோ கிட்டாரில் மூன்று ஸ்வரம் இறங்கி நான்காவதை இழுத்துப் பிடித்தார்கள். இடது பக்கம் யாரும் இல்லை. அன்றைய கிட்டார்காரன் வலது ஓரத்தில் உட்கார்ந்து அறுந்த தந்தியை மாற்றிக்கொண்டிருந்தான். "நீ வாசிச்சியா?" என்று கேட்டார். "ஆமா, பல்லால வாசிச்சேன்" என்று அவன் அறுந்த தந்தியைத் தூக்கிக் காட்டினான். கிளெமுக்குச் சிரிப்பு வரவில்லை. நான்காவது ஸ்வரத்தை அப்படி இழுக்கிறவன் உலகத்தில் ஒருவன்தான். அவன் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

நெவில் சக்டன் என்று பெயர். வடக்கு இங்கிலாந்தில், ஹடர்ஸ்ஃபீல்டில், கிளெமுக்கு அடுத்த தெரு. கிளெமின் குழுவில் கிட்டார் அவன்தான். 1970 அக்டோபரில் குழுவின் முதல் இசைத்தட்டு லண்டனில் பதிவாகிக்கொண்டிருந்தபோது, நடுவிலேயே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பி, வழியில் டான்காஸ்டர் பக்கத்தில் மழையில் லாரியில் மோதிப் போய்ச் சேர்ந்தான். இருபத்தாறு வயசு. மனைவி ஷீலாவுக்கு அப்போது ஆறு மாசம். குடித்துவிட்டு வந்து கண்டபடி வாசித்தான், அதை அழித்துவிட்டுக் கிட்டாரையும் கிளெமே வாசிக்க வேண்டியதாயிற்று என்பதுதான் ஊருக்கெல்லாம் தெரிந்த கதை. 'எல்லாம் வாசிக்கும் ஆம்ராய்ட்' என்ற பெயர் கிளம்பியதே அந்தத் தட்டிலிருந்துதான்.

ஹாம்பர்க்குக்குப் பிறகு ஆர்கனை மூடினார். சாக்ஸபோனில் இடைவெளி விடாமல் ஊதினால் அவன் எப்படி நுழைவான் என்று கணக்குப் போட்டார். ஊதுகிறவன் மூச்சு வாங்கித்தானே ஆக வேண்டும்? மூச்சு வாங்கிய இடத்தில் நெவில் வந்தான். புல்லாங்குழலில் ஒரு வருஷம் வரவில்லை, அப்புறம் வந்தான். வயலினில் வில் திரும்புகிற நேரம் போதும் அவனுக்கு. 1994இல் கிளெம் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு, ஊருக்குப் பக்கத்தில் மார்ஸ்டனுக்கு மேலே குன்றில் ஒரு வீட்டை வாங்கி, வாத்தியங்கள் மேல் பழைய படுக்கை விரிப்புகளைப் போர்த்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். வாசிக்காத வரை நெவில் வரவில்லை. அதை நிம்மதி என்று சொல்ல முடியாது, சத்தம் இல்லாமல் இருந்தது.

2003 மார்ச்சில் ஒரு கடிதம் வந்தது. அந்தப் பழைய தட்டை மறுபடி சி.டி.யாகப் போடப் போகிறார்கள். மூல டேப்புகள் கிளெமின் பேரில் இருப்பதால் அவர் சம்மதம் வேண்டும். எழுதியவர் ஃபெர்கஸ் என்ற ஒலிப்பதிவுக்காரர். கடைசியில் கையால் நாலு வரி சேர்த்திருந்தார். "இரண்டாம் பக்கத்தில் உள்ள ஒன்பது நிமிஷப் பாட்டில் டிரம்ஸை மட்டும் தனியாக ஓட்டிக் கேட்டேன். பின்னால் ஒரு கிட்டார் கேட்கிறது. தட்டில் இருப்பது அல்ல, வேறு. யார் அது?"

கிளெம் கடிதத்தை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

அந்தக் காலத்தில் ஒரே அறையில் எல்லோரும் சேர்ந்துதான் வாசிப்பார்கள். கிட்டாருக்கென்று டேப்பில் ஒரு தடம், அதை அழித்துவிடலாம். ஆனால் டிரம்ஸுக்கு மேலே தொங்குகிற மைக்குக்கு டிரம்ஸ் மட்டும்தான் கேட்க வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுப்பது? அறையில் இருந்ததெல்லாம் அதற்குள்ளும் போயிருக்கும். அதையும் அழிப்பதென்றால் டிரம்ஸை அழித்துவிட்டுப் புதிதாக வாசிக்க வேண்டும். கிளெமுக்கு வராத வாத்தியம் அது ஒன்றுதான். கை ஒரு தாளமும் கால் ஒரு தாளமும் போடச் சொன்னால் இரண்டும் சேர்ந்து தடுக்கி விழும். வந்திருந்தால் அன்றைக்கே அதையும் துடைத்திருப்பார்.

மறுநாள் காலை வில்ஃப் கார்சைடைத் தேடிப் போனார். குழுவின் டிரம்ஸ்காரர் வில்ஃப். பிறகு முப்பது வருஷம் குழாய் ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவர். கால்வாய் ஓரத்தில் தனக்கென்று வாங்கியிருந்த துண்டுத் தோட்டத்தில் ருபார்ப் செடிக்கு எருப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாடா, இதர வாத்தியம்!" என்றார் நிமிராமலே.

கிளெம் கடிதத்தை நீட்டினார். வில்ஃப் எருக் கையாலேயே வாங்கிப் பார்த்தார்.

"எனக்கும் போன் பண்ணான் இந்த ஆளு. நெவில்தான்னு சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா? உன்ன யாருடா சொல்லச் சொன்னது?"

"கேட்டான், சொன்னேன். ராஜாங்க ரகசியம்னு எங்கிட்ட கையெழுத்தா வாங்கி வச்சிருந்த?"

"வேற யார்கிட்ட சொன்ன?"

வில்ஃப் மண்வாரியை ஊன்றி நின்றார். "நெவில் பொண்ணு ஜானின்கிட்ட."

"அடப்பாவி!"

"பாவி நானில்லடா. அவ ஓட்டுற பஸ்ஸுல ஏறினேன், வாயில வந்துருச்சு. அந்தப் புள்ள அஞ்சு நிமிஷம் வண்டிய எடுக்கவே இல்ல. பின்னாடி ஒரு பொம்பள கத்துறா, 'ஏம்மா, வண்டி போகுமா, இல்ல இங்கயே குடித்தனம் பண்ணணுமா'ன்னு. இவ காதுலயே வாங்கல. அவங்கப்பன் வாசிச்சது ஒண்ணுகூட இந்த உலகத்துல மிஞ்சலன்னுதான் இத்தனை நாளும் நெனச்சிட்டிருந்தா."

"கேக்க விட்டா தெரிஞ்சுபோயிடும் வில்ஃப்."

"என்ன தெரிஞ்சுபோயிடும்? நல்லா வாசிச்சான்னு தெரியும். அதானே உனக்குப் பயம்?" வில்ஃபின் குரல் உயர்ந்தது. "அன்னிக்கு அவன் ஒரு சொட்டுத் தொடல. நான் பக்கத்துல இருந்தேன். குடிச்சான்னு நீ பேப்பர்காரங்ககிட்ட சொன்னப்ப நான் வாயத் தொறக்கல. எனக்குக் குழுவுல எடம் வேண்டியிருந்துச்சு. வீட்டுல ரெண்டு புள்ளைங்க. அத இன்னிக்கு வரைக்கும் நான் மென்னு முழுங்கிட்டிருக்கேன். போடா, போயி கையெழுத்தப் போடு."

கிளெம் கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஜானினே வந்தாள். முப்பத்திரண்டு வயசு. டிரைவர் சீருடையில், வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தாள். கிளெம் கதவைத் திறந்தார். நெவிலின் தாடையோடு ஒரு பெண் நின்றாள்.

"உள்ள வரல மிஸ்டர் ஆம்ராய்ட். பதினோரு மணிக்கு வண்டி எடுக்கணும்" என்றாள். ஆனாலும் உள்ளே வந்தாள். விரிப்பு போர்த்திய வாத்தியங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். "யாரோ செத்துட்ட வீடு மாதிரி இருக்கே!"

"டீ போடட்டுமா?"

"போடுங்க." நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "சுத்தி வளைக்கத் தெரியாது எனக்கு. அந்த டேப்பக் கேக்கணும். நீங்க சரின்னு சொன்னாத்தான் போட முடியும்னு அந்த ஃபெர்கஸ் சொல்றாரு. எனக்கு வேற எதுவும் வேணாம். காசு கீசு எதுவும் கேக்க வரல."

"அது தெளிவா இருக்காதும்மா. ஏதோ தூரத்துல..."

"தூரத்துல இருந்தாப் பரவால்ல. எங்கப்பா எனக்குக் கிட்டத்துல எப்ப இருந்தாரு?"

கிளெம் கெட்டிலுக்குத் தண்ணீர் பிடித்தார்.

"குடிச்சிருந்தாருன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அவர் முதுகைப் பார்த்து. "அம்மா சொல்லியே வளத்தாங்க. புள்ள பொறக்குற வரைக்கும் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போனாராம். போன எடத்துல குடிச்சு, வந்த வாய்ப்பையும் கெடுத்து, உசுரையும் விட்டுட்டாருன்னு. எங்க வீட்டுல கிட்டார்னு பேச்சே எடுக்கக் கூடாது. ரேடியோல வந்தா அம்மா அமத்திடுவாங்க. மோசமா வாசிச்சிருந்தாலும் சரி, உளறியிருந்தாலும் சரி. அவரு விரல் பட்ட சத்தம் ஒண்ண நான் கேக்கணும்."

கெட்டில் கொதித்து, டக்கென்று அணைந்தது. அந்த நிசப்தத்தில் இடது பக்கம், இரண்டு கஜம் தள்ளி, மூன்று ஸ்வரம் இறங்கியது. ஒன்பது வருஷத்துக்கு அப்புறம். கிளெம் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இடது பக்கம் வெறித்தார்.

"உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்லம்மா, ஒண்ணுமில்ல. நான்... யோசிச்சு சொல்றேன்."

அவள் டீயைப் பாதி குடித்துவிட்டுப் போய்விட்டாள். யோசிக்க என்ன இருக்கிறது? நடந்தது அவருக்குத் தெரியாதா?

1970 அக்டோபரில், பதிவு நடந்த ஒரு மாலை, நெவில் அந்த ஒன்பது நிமிஷத்தை ஒரே மூச்சில் வாசித்து முடித்தான். கொஞ்ச நேரம் கழித்துத் தயாரிப்பாளர் பதிவு அறைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இறங்கி வந்தார். கிளெமின் குழு, கிளெம் எழுதிய பாட்டு, ஆறு வருஷம் கிளெம் வேன் ஓட்டி வளர்த்த பேர். அந்த மனிதர் கிளெமின் தோளைத் தட்டிவிட்டு, "இது இந்தப் பையனோட ரெக்கார்டுய்யா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது கிளெமின் நெஞ்சில் நெருப்பாக விழுந்தது. ஸ்டுடியோவை மூடுகிற நேரம் ஆகிவிட்டதால் யாரும் திருப்பிப் போட்டுக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கிளெம் முதல் ஆளாக வந்தார். சுருதி சேரவில்லை, இந்தத் தடத்தில் புதிதாக வாசிக்க வேண்டும் என்று சொல்லி, பதிவுக்காரர் தயங்கியபோது சிவப்புப் பதிவுப் பொத்தானைத் தானே அமுக்கினார். பதினோரு மணிக்குள் தன் கிட்டாரை அதன்மேல் ஏற்றியாகிவிட்டது. பகல் பன்னிரண்டுக்கு நெவில் வந்தான். இந்தத் தொழிலில் ஒன்று உண்டு: ராத்திரி பிரமாதமாகத் தோன்றியது காலையில் கேட்டால் சப்பென்று இருக்கும், எல்லோருக்கும் நடந்திருக்கிறது, எல்லோரும் அதற்குப் பயப்படுவார்கள். கிளெம் அந்தப் பயத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "காலைல போட்டுக் கேட்டோம்டா. எடுபடல. வில்ஃப்கூட அப்படித்தான் சொல்றான்." நெவில் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவனுக்கு எப்போதுமே தன்மேல் சந்தேகம். "அப்படியா" என்றான், "எனக்கு நல்லா இருந்த மாதிரி தோணுச்சே" என்றான், ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான். குடித்தான் என்கிற கதை சாவுக்குப் பிறகு சேர்த்தது.

அவன் நம்பிவிட்டுத்தான் செத்தான். இது வில்ஃபுக்குக்கூடத் தெரியாது.

மூன்று நாள் கழித்துக் கிளெம் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். மனசு மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கணக்குத்தான். டிரம்ஸ் சத்தத்துக்கு நடுவே ஏதோ தேய்ந்த கிட்டார். பஸ் ஓட்டுகிற பெண்ணுக்கு நல்லது கெட்டது என்ன தெரியும்? கேட்பாள், கொஞ்சம் அழுவாள், ஊருக்குப் போவாள். இன்னொன்றுக்கும் ஆசைப்பட்டார்: அவள் கேட்டுவிட்டால் ஒருவேளை நெவில் தன்னை விட்டுவிடுவான்.

ஏப்ரலில் மூவரும் ரயிலில் லண்டன் போனார்கள். ஜானின் வழி நெடுக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வில்ஃப் பன்றிக்கறி சாண்ட்விச்சைப் பிட்டு அவளிடம் நீட்டியபோது, "எறங்கல வில்ஃப் மாமா" என்றாள். டான்காஸ்டரில் ரயில் நின்றது. நெவில் செத்த ஊர் அது.

ஸ்டுடியோ ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஃபெர்கஸ் நாற்பது வயசுக்காரர், மெதுவாகப் பேசினார். ஜானினை நடுவில், ஒலிபெருக்கிகளுக்கு நேராக உட்கார வைத்தார். "முதல்ல மெல்லிசாத்தான் இருக்கும். காது பழகட்டும்" என்று சொல்லிவிட்டு எல்லாத் தடங்களையும் இறக்கி, டிரம்ஸை மட்டும் மேலே ஏற்றினார்.

வில்ஃபின் இருபத்தெட்டு வயசுக் கைகள் வாசித்தன. அதற்குப் பின்னால், பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பதுபோல, ஒரு கிட்டார்.

முதலில் சும்மா சுற்றிச் சுற்றி வந்தது. மூன்றாவது நிமிஷத்தில் மேலே ஏறத் தொடங்கியது. அவசரமே இல்லை, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, எதிராளி புரிந்துகொண்டானா என்று பார்த்துவிட்டு, அடுத்ததைச் சொல்வதுபோல. கிளெம் 1972இலிருந்து மூன்று நான்கு ஸ்வரமாகத் துண்டு துண்டாகக் கேட்டது இப்போது முழுசாக வந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. 'அவ்வளவு ஒண்ணும் பெரிசில்ல' என்று இத்தனை காலம் தனக்குத் தானே சொல்லிச் சொல்லி நம்பிவிட்டிருந்தார்.

ஜானின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். இசையைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தாரே, அவளுக்குத் தெரிந்தது. பஸ் ஓட்டுகிறவளுக்கு இல்லாத காதா?

பாட்டு முடிந்தது. கடைசித் தாளத்தட்டின் ஓசை அடங்கியது. ஃபெர்கஸ் டேப்பை நிறுத்தவில்லை. அந்த மைக்கில் கிட்டார் இருப்பதைத்தான் கிளெம் யோசித்திருந்தார்; அறையில் இருந்த மனிதர்களை மறந்துவிட்டார்.

டேப்பில் நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. பிறகு ஒரு இளைஞனின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டே: "சரியா வந்துச்சா?"

ஜானின் எழுந்து நின்றுவிட்டாள்.

இன்னொரு குரல், பக்கத்தில், ஆர்கன் இருந்த இடத்திலிருந்து: "டேய் நெவில்! டேய்! இதுதான்டா. யாரும் இதுமேல கை வைக்காதீங்க."

வில்ஃபின் இளங்குரல்: "இந்தா, ஒரு பீர் அடி. சம்பாதிச்சிட்ட."

"வேணாம் வேணாம். புள்ள பொறக்கட்டும்னு ஷீலாகிட்ட சொல்லிருக்கேன். டீ இருந்தா குடு, ரெண்டு சர்க்கரை." அவன் சிரித்தான். அதோடு டேப் முடிந்தது.

ஃபெர்கஸ் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜானின் மெதுவாகத் திரும்பினாள்.

"அந்தக் குரல், கை வைக்காதீங்கன்னு சொன்னது யாரு?"

அந்தத் தயாரிப்பாளர் என்று சொல்லலாம். செத்துப்போன யாரையாவது சொல்லலாம். முப்பத்திரண்டு வருஷம் பொய் சொன்ன வாய்க்கு இன்னொன்று கஷ்டமா? கிளெம் வில்ஃபைப் பார்த்தார். வில்ஃப் உதவவும் இல்லை, காட்டிக் கொடுக்கவும் இல்லை.

"நான்தான்" என்றார் கிளெம்.

"அப்பா குடிச்சிருக்கல."

"இல்ல."

"அப்புறம் ஏன் அழிச்சீங்க?"

"பொறாமை." அந்த வார்த்தை வெளியே வந்தபோது இவ்வளவு சின்னதா என்று இருந்தது. "அவன் வாசிச்ச மாதிரி நான் எதையுமே வாசிச்சதில்லம்மா. எந்த வாத்தியத்துலயும்."

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"காலைல கேட்டோம், சரியில்லன்னு சொன்னேன். வில்ஃபும் அப்படித்தான் நெனைக்கிறான்னு சொன்னேன்."

"எம்பேரையா?" வில்ஃப் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "எம்பேரையாடா சொன்ன? நான் சொன்னேன்னு நெனச்சுக்கிட்டா அவன் போனான்?" அவர் முகம் கோணியது. கிழவன் தேம்பி அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஜானின் அழவில்லை. "நம்பினாரா?"

"நம்பினான்."

 அவள் யாரிடமோ விலாசம் கேட்பதுபோல நிதானமாகச் சொன்னாள். "போன வருஷம் எங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்தாங்க. கடைசி நாள். நெனவு தப்பித் தப்பி வருது. எங்கையப் புடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க, மிஸ்டர் ஆம்ராய்ட். 'ஒரு மூணு மாசம், அந்த மூணு மாசம் எனக்காக அவரால குடிக்காம இருக்க முடியலையாடி'ன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'சில ஆம்பளைங்க அப்படித்தாம்மா'ன்னு சொன்னேன்."

கிளெம் வாயைத் திறந்தார். "ஜானின், நான்..."

"வேணாம். எதுவும் சொல்லாதீங்க." அவள் ஒலிபெருக்கிகளின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "ஃபெர்கஸ், மொதல்லேந்து போடுங்க. வில்ஃப் மாமா, நீங்க இப்படி வந்து எம்பக்கத்துல உக்காருங்க. நீங்க வெளிய இருங்க மிஸ்டர் ஆம்ராய்ட். நீங்க இருக்குற ரூம்ல அவரு இன்னொரு தடவை வாசிக்க வேணாம்."

கிளெம் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு நடைபாதைக்கு வந்தார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. சத்தம் கடக்காத கனத்த கதவு. காதை ஒட்டி வைத்துப் பார்த்தார், எதுவும் வரவில்லை. இன்னும் முடியவில்லையா, நாலாவது நிமிஷமா, ஏழாவது நிமிஷமா என்று தெரியவில்லை. தட்டலாம் என்று கையைத் தூக்கினார். யாரு என்று உள்ளேயிருந்து கேட்டால் என்ன சொல்வது என்று புரியாமல் கையை இறக்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.